கட்டிலோ, பாயோ?

எனக்கு இங்கிலீசு தெரியும் என்று கனகராயன்குளத்தில் ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். அந்தக் கதையைக் கட்டிவிட்டவனும் நானேதான். எஸ்.எஸ்.சி. சோதனையில் நான் பாஸான ஒரே பாடம் அது. (மற்றதெல்லாம் கோட்டை விட்டது. கணக்கில் வந்த புள்ளியைச் சொல்ல வெட்கம்.) வேலை வெட்டி கிடையாது, ஆனால் சட்டைப்பையில் பேனை இல்லாமல் வெளியே இறங்கமாட்டேன்.

என் அக்காவின் புருஷன் ஒரு முதலாளியின் உழவு மெசின் ஓட்டினார். ஓடினால் சம்பளம், படுத்தால் ஒன்றுமில்லை. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு காப்புறுதி ஏஜென்ட் எங்கள் பக்கம் வந்தார். நோய் வருத்தம் வந்து வேலைக்குப் போகமுடியாவிட்டால் கிழமைக்குக் கிழமை காசு வரும் என்றார்.

"சேருங்கோ அத்தான், உயிரோட இருக்கேக்கையே காசு தாறாங்கள்!" என்று பிடரியில் பிடித்துத் தள்ளியவன் நான். அத்தான் ஒரு தவணை தவறாமல் கட்டினார்.

இரண்டாம் வருட மாரியில் அவருக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. வவுனியா ஆசுப்பத்திரியில் கிடந்து உயிர் தப்பி வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். எழும்பி நிற்க இரண்டு பேர் பிடிக்கவேண்டும். பிள்ளைகள் மூன்று. மிச்சமிருந்தது சிவப்பி என்ற பசுவும் அந்தக் காப்புறுதியும்தான்.

படிவம் வந்தது. முழுக்க இங்கிலீசு.

"தம்பி, இதை அப்போதிக்கரி ஐயாவிட்டை ஒருக்கால் காட்டுவமே?" என்று அக்கா கேட்டாள். அப்போதிக்கரி எங்கள் ஊருக்கு மருந்து கொடுப்பவர், தினமும் இங்கிலீசுப் பேப்பர் படிப்பவர்.

"ஏன், எனக்குத் தெரியாதோ?" எனக்கு மூக்குக்கு மேல் கோபம். (அடேயப்பா, என்ன ரோசம்!)

பெயர், வயது, வருத்தம் எல்லாம் நிரப்பினேன். பிறகு ஒரு கேள்வியில் முட்டிக்கொண்டேன். அதில் 'பெட்' என்று இருந்தது. பெட் என்றால் கட்டில், அது தெரியும். அதற்கு முன்னால் நின்ற நீளச் சொல் தெரியாது. தெரியாத சொல்லைத் தாண்டிப் போவது நான் பள்ளிக்கூடத்தில் பழகிய ஒரே வித்தை.

"அக்கா, கட்டில் இருக்கோ எண்டு கேக்கிறாங்கள்."

"எங்களிட்டை எங்கையடா கட்டில்? அது இருந்தால்தான் காசோ?"

"இல்லாட்டில்தான் தருவாங்கள். இல்லாதவை எண்டு தெரியட்டும்."

அத்தான் சாணி மெழுகிய நிலத்தில் பன்பாயில் சுருண்டு கிடந்தார். நான் 'இல்லை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். படுத்தபடியே அவர் கையெழுத்து வைத்தார்.

"நீ பாத்தால் சரிதான் தம்பி," என்றார்.

கொழும்பிலிருந்து பதில் வந்தது. இந்தமுறை அக்கா என்னிடம் தரவில்லை, நேரே அப்போதிக்கரியிடம் கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன். படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

"எழும்பேலாமல் படுத்த படுக்கையோ எண்டு கேட்டிருக்கிறாங்கள். நீர் இல்லை எண்டு எழுதியிருக்கிறீர். அப்ப காசும் இல்லையாம்."

"ஐயோ, அவர் பாயிலையெல்லோ கிடக்கிறார்!"

"அதைத்தான் ஐசே எழுதியிருக்கவேணும்!"

அவரே ஒரு கடிதம் எழுதிப் பார்த்தார். கையெழுத்து வைத்த பதிலை மாற்ற முடியாது என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். (தவணைக் காசு வாங்க மட்டும் அதே பாயில்தானே வந்து குந்தினாங்கள், பாவியள்!)

சிவப்பியைக் கன்றோடு விற்றார்கள். சின்ன மகள் றோட்டு வரைக்கும் அழுதுகொண்டு பின்னால் ஓடினாள். அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் பாலில்லாத வெறுந்தேத்தண்ணிதான். மெசின் வேறொருவன் கைக்குப் போனது. அத்தான் தேறியபின் காட்டில் மரம் தறிக்கும் கூலிக்குப் போனார். நான் ஒரு மாதம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. வெட்கம் கெட்டவன், பேனையை மட்டும் விடவில்லை.

சில வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். அத்தான் வண்டிலில் ஒரு முதிரைக் கட்டிலை ஏற்றிக்கொண்டு வந்தார். அவரே தறித்த மரம். சபை நடுவே இறக்கிவைத்து, "தம்பி, இனி நீ தைரியமா வருத்தம் வந்து படுக்கலாம்," என்றார். பந்தலே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்குத் தடிமன், காய்ச்சல் வந்தாலும் "கட்டிலோ, பாயோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மருந்தெல்லாம் பிறகுதான்.

அக்கா மட்டும் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. இப்போது அவள் பட்டியில் நாலு பசு நிற்கிறது. போகிற எல்லோருக்கும் பால் தேத்தண்ணி கொடுப்பாள். எனக்கு வெறுந்தேத்தண்ணி. நானும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வருவேன்.