மாப்பிள்ளையின் காருக்கு நான் வாங்கித் தந்த விலை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் தன் சொந்தக் கையால் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமா? நலம்தான் என்று முந்தாநாள் போனிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் நலம் கேட்ட பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று வகுப்பில் டீச்சர் சொல்லியிருக்கிறார். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பதுதான் மரியாதை போலிருக்கிறது. இவ்வளவையும் எழுதி முடிக்க எனக்கு ஒரு காலைப் பொழுது ஆயிற்று. நீங்கள் ஒரு மூச்சில் படித்துவிடுவீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. சமைப்பவளுக்கு ஆகும் நேரமா சாப்பிடுகிறவனுக்கு ஆகிறது?

வகுப்பா, டீச்சரா என்று நீங்கள் திகைப்பது தெரிகிறது. பத்து மாதமாக நூலகத்து மாடியில் சாயங்கால வகுப்புக்குப் போய்வருகிறேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், அதற்காக நடக்கிறார் என்று உங்கள் அத்தை உங்களிடம் சொன்னது பாதி உண்மை. நூலகம் வரைக்கும் நடந்துதான் போகிறேன். மூக்கில் விரல் வைத்து நீங்கள் ஆச்சரியப்படும்படி ஒருநாள் கடிதம் போட வேண்டும் என்று இருவரும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம். இந்தத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் 'மரம், மரத்தின் நிழல்' என்று பாடம் இருக்கும். டீச்சர் தாளின் ஒரு பக்கம் மட்டும்தான் அச்சடித்துத் தருவார், மறுபக்கம் நாம் எழுதிப் பழக. உலகத்திலுள்ள காகிதம் எல்லாமே இப்படித்தான், ஒரு பக்கம் அவர்களுக்கு, ஒரு பக்கம் நமக்கு என்பது இந்தப் பத்து மாதத்தில் நான் கண்டுகொண்ட உண்மைகளில் ஒன்று.

இனி விஷயம். உங்கள் காரை விற்றுவிட்டேன். இருபத்தைந்தாயிரம். எண்ணால் எழுதினால் நம்ப மாட்டீர்கள் என்று எழுத்தால் எழுதியிருக்கிறேன்.

இரண்டு வாரம் இங்கே நிற்கட்டும் மாமா, வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் அந்த வண்டியை எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது. இரண்டு வாரத்துக்குள் இத்தனை நாள் அடங்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது, ஏனென்றால் அப்போது எனக்குப் படிப்பு இல்லை. நான் குறையாகச் சொல்லவில்லை. வேலை அப்படி, விடுமுறை கிடைப்பதில்லை, பேத்தி பேச ஆரம்பித்ததையும் நாங்கள் போனில்தான் கேட்டோம். போன மாதம் அதை இரும்புக்காவது போட்டுவிடலாம் என்று நீங்களும் மகளும் பேசினீர்களே, அன்று எங்களோடு பேசிவிட்டு அவள் போனை அணைக்க மறந்துவிட்டாள், இங்கே எங்கள் போன் ஸ்பீக்கரில் இருந்தது. உங்கள் அத்தை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தோம். "மாமாவை மட்டும் அனுப்பாதே. கைநாட்டுப் பேர்வழி. காகிதத்தை நீட்டினா வண்டியோட வீட்டையும் சேர்த்து எழுதிக் குடுத்துட்டு வருவார். பதினெட்டாயிரம் வந்தாப் பெரிசு, அவர் போனா பத்துகூடத் தேறாது" என்றீர்கள்.

மாப்பிள்ளை, நீங்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சரக்குக் கிடங்கில் முப்பத்தோரு வருடம் மூட்டை தூக்கிவிட்டு வெளியே வந்த அன்று மேலாளர் ஒரு தாளை நீட்டினார், நானும் கட்டைவிரலை வைத்தேன். வர வேண்டிய பணத்தில் பாதி வந்தது. மீதியைக் கேட்கப் போனால், 'என் கணக்கு முழுவதும் தீர்ந்தது, இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று நானே சொன்னதாக அந்தத் தாளில் இருக்கிறதாம். அன்று நான் வாயையே திறக்கவில்லை. பேசாதவன் பேசியதாகக் காகிதம் சொல்லும், காகிதம் சொன்னதை ஊர் நம்பும். இது உங்களுக்கும் தெரிந்த கதைதான். ஆகையால் இந்தக் காரை நானே விற்க வேண்டும், காகிதத்தை நானே படிக்க வேண்டும், பத்துக்கு மேல் ஒரு காசாவது கூடுதலாக வாங்கி உங்களிடம் காட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மகளைக் கூப்பிட்டு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் பெருமூச்சு விட்டது எனக்கும் கேட்டது.

பழைய கார் எடைக்குத்தான் போகும் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் சொன்னார். அதை என்னிடம் சொல்லியிருக்கலாம், உங்கள் அத்தையிடம் சொல்லிவிட்டார். அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பின்கட்டில் கிடந்த துணி துவைக்கும் கல்லைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்துப் பழைய போர்வையால் மூடிவிட்டாள். எப்படித் தூக்கினாள் என்று கேட்காதீர்கள், நமக்கு லாபம் என்றால் அவளுக்கு முழங்கால் வலிக்காது. இது தெரியாமல் நான் வண்டியை இரண்டு நாள் தேய்த்துக் கழுவினேன். நான்கு வருட மண் கழுவிக் கரைந்து சாக்கடைக்குப் போனது. கடையில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த மண்ணுக்கும் எடை உண்டாம். ஆக, அவள் ஒரு பக்கம் ஏற்ற, நான் மறு பக்கம் இறக்கியிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது.

இழுவை வண்டிக்காரர் வந்து சங்கிலி மாட்டினார். சக்கரம் நான்கும் தரையோடு பேசி முடித்துவிட்டன போல, அசையவில்லை. தையல்காரரும் நானும் தள்ள, உங்கள் அத்தை திசை சொல்ல, ஒரு வழியாக ஏற்றினோம். நான் முன்சீட்டில் இழுவைக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழிநெடுக உள்ள பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டு போனேன். 'பல் பிடுங்கப்படும்', 'இங்கே வண்டி நிறுத்தாதே', 'அறை வாடகைக்கு'. மூன்றாவது பலகைக்கு மேல் அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டார்.

பழைய இரும்புக் கடை முதலாளியைத் தராசுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். தரையோடு தரையாக ஒரு பெரிய தராசு வைத்திருக்கிறார், லாரியே ஏறி நிற்கலாம். நான் விடாமல் உங்கள் காரின் பெருமையைச் சொன்னேன். ஒரே கை ஓட்டியது, இடித்ததில்லை, ரேடியோ இப்போதும் பாடும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பெரியவரே, ஓடற வண்டிக்குத்தான் பேரு, வருஷம், அழகு எல்லாம். நின்னு போனதுக்குக் கிலோ மட்டும்தான். பாட்டுக்கு எடை கிடையாது." மூட்டை தூக்கியவன் என்ற முறையில் எனக்கு இது புரிந்தது. ஓய்வு பெற்ற மனிதன் என்ற முறையில் கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

தராசில் எண்ணூற்று எழுபத்தெட்டு கிலோ வந்தது. தராசுக்காரர் டிக்கியைத் திறந்து போர்வையை எடுத்தார். கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானும் கல்லைப் பார்த்தேன், உங்கள் அத்தை என் கண் முன்னால் வந்து நின்றாள். கல்லுக்கு அறுபது கிலோ கழிக்கிறேன் என்றார் அவர். எனக்கு மானம் போனது போகட்டும் என்று குனிந்து கல்லை ஒரு தூக்குத் தூக்கி வைத்துவிட்டு, "இது முப்பத்தெட்டு" என்றேன். அவர் சிரித்தார். தராசில் வைத்தார்கள். முப்பத்தெட்டு. சிரிப்பு நின்றது. பிறகு கண்ணாடி கழிவு, ரப்பர் கழிவு, சீட்டு கழிவு, பஞ்சு கழிவு என்று நூற்று நாற்பது கிலோ கழித்தார். வண்டிக்குள் உட்காருகிற மனிதனுக்கு எதெல்லாம் சுகமோ அதெல்லாம் கழிவு என்று தெரிந்துகொண்டேன். மிச்சம் எழுநூறு கிலோ, கிலோவுக்கு இருபத்தெட்டு, அதில் இழுவைக் கூலி இரண்டாயிரம் போகப் பதினேழாயிரத்து அறுநூறு என்றார். பத்தைத் தாண்டிவிட்டதே என்று எனக்கு அப்போதே உள்ளுக்குள் சந்தோஷம், ஆனால் முகத்தில் காட்டவில்லை.

அப்புறம்தான் தாளை நீட்டினார். கீழே கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இங்க போடுங்க போதும்" என்றார். "படிச்சிட்டுப் போடறேன்" என்றேன். மாப்பிள்ளை, இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல நான் அறுபத்தொன்பது வயது வரை காத்திருக்கிறேன். படிங்க படிங்க என்று அவரும் பெருந்தன்மையாகச் சொன்னார்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே விரலை வைத்து, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் 'மேற்குறிப்பிடப்பட்டுள்ள' என்று ஒரு வார்த்தை வந்தது. அதைக் கடக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது, ஆனால் தலையைத் தூக்கிப் பார்த்தபோது தராசுக்குப் பின்னால் இரண்டு லாரி வந்து நின்றிருந்தது. நம் வண்டி இன்னும் தராசின் மேல்தான். நான்காவது வரியில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். "பெரியவரே, இழுவைக் கூலியை நான் பாத்துக்கறேன், போட்டுக் குடுங்க" என்றார் தராசுக்காரர். எதற்குத் திடீரென்று விட்டுக்கொடுக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை, படிக்கிறவனுக்கு உலகம் தருகிற மரியாதை இதுதான் போலிருக்கிறது என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு ஐந்தாவது வரிக்குப் போனேன்.

அந்த வரியில், 'புகைக்குழாய் வடிகட்டி உட்பட வண்டியின் எல்லாப் பாகங்களும்' வாங்குகிறவருக்கே என்று இருந்தது. முப்பது மூட்டைக்கு நடுவில் ஒரே ஒரு மூட்டையை மட்டும் மேலாளர் பேர் சொல்லிக் கேட்டால் அதற்குள் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். "எல்லாப் பாகமும்னாலே போதுமே, இது ஒண்ணுக்கு மட்டும் ஏன் தனியாப் பேரு?" என்று கேட்டேன். அவர் லாரிகளைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, அந்த டப்பாவுக்குள் விலை உயர்ந்த உலோகம் கொஞ்சம் இருக்கும், அதற்கு ஒரு நாலாயிரம் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். காரிலேயே மதிப்பான பொருள் புகை போகிற வழியில் இருக்கிறது பாருங்கள். "நீங்க வரி ஆபீஸ்லேர்ந்து வர்றீங்களா? யாரு அனுப்பினாங்க?" என்றும் கேட்டார். "மாப்பிள்ளை" என்றேன். அவர் முகம் வெளுத்தது. எந்த மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டாரோ.

இன்னும் ஆறு வரி இருந்தது. லாரி நான்காகிவிட்டது. ஏழாவது வரியில் அவர் இருபத்தைந்தாயிரம் என்று ரவுண்டாகச் சொல்லிவிட்டு, சீக்கிரம் முடியுங்கள் என்பது போலக் கையைக் கூப்பினார். அதற்காக நடுவில் விட முடியுமா? கடைசி வரியையும் படித்து, முற்றுப்புள்ளியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, விற்பவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். கடைசி எழுத்தின் சுழி சரியாக வரவில்லை, திருத்தினேன். லாரிக்காரர்கள் கைதட்டினார்கள். தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஐயாயிரம் முன்பணம் தந்து, மிச்சம் எப்போது என்பதெல்லாம் காகிதத்திலேயே இருக்கிறது என்றார். நான்தான் படித்தவன் ஆயிற்றே, தலையை ஆட்டிவிட்டேன்.

முன்பணத்தில் பழைய மேசை ஒன்றும் மூக்குக்கண்ணாடி ஒன்றும் வாங்கி, உங்கள் கார் நின்ற இடத்திலேயே மேசையைப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்த இரண்டுக்கும் உங்களைக் கேட்கவில்லை, மன்னிக்கவும். நல்ல வெளிச்சம். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் கடிதம் என்கிறேன். கல் பின்கட்டுக்குத் திரும்பிவிட்டது, உங்கள் அத்தை அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆகையால் வண்டியைப் பற்றி உங்களுக்கு இனி எந்தக் கவலையும் வேண்டாம். எல்லாம் படித்து முடிக்கப்பட்டது. நீங்களும் மகளும் பேத்தியும் எந்தக் குறையும் இல்லாமல், எழுத்தும் பேச்சும் செழித்து வாழ வேண்டும் என்று வாழ்த்தி, உங்கள் அத்தையின் ஆசியையும் அவள் சொன்னபடி சேர்த்து எழுதி, கையொப்பமிடுகிறேன், கட்டைவிரல் இல்லாமல்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: பேத்திக்கு இரண்டு வரி தனியாக எழுதலாம் என்று பார்த்தால் டீச்சர் தந்த தாள் தீர்ந்துவிட்டது. சரி, தராசுக்காரர் தந்த நகலின் மறுபக்கம் நமக்குத்தானே என்று திருப்பினேன். அங்கே இடம் இல்லை. அங்கேயும் அவரே எழுதியிருக்கிறார், பொடி எழுத்தில் ஒன்பது வரி. படிக்க இரண்டு நாள் ஆயிற்று. விற்பவர் வேறு, உரிமையாளர் வேறு என்றால் உரிமையாளர் பத்து நாளுக்குள் நேரில் வந்து கையொப்பம் போட வேண்டுமாம். வராவிட்டால் விலை ரத்தாம், வண்டியை எடுத்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம், போக வர இழுவைக் கூலியும் முன்பணமும் விற்பவர், அதாவது நான், கட்ட வேண்டுமாம். இன்று எட்டாவது நாள். இந்தக் கடிதம் எழுதவே ஐந்து நாள் போய்விட்டது. போனில் சொல்லிவிடலாம் என்கிறாள் உங்கள் அத்தை. போனில் சொன்னால் இது கைநாட்டுக்காரன் செய்த காரியம் ஆகிவிடும். எழுதினால் படித்தவனுக்கு நேர்ந்த தவறு. ஆகையால் நாளைக் காலை முதல் தபாலில் போடுகிறேன். வரும்போது மூன்று பேரும் சேர்ந்தே வாருங்கள், கையெழுத்துப் போடும் முன் நானே உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன், இரண்டு பக்கமும். இல்லையென்றால் வண்டி வந்து இந்த மேசை மேல்தான் நிற்கும். (இதை மின்சார ரசீதின் பின்னால் எழுதுகிறேன். திருப்பிப் பார்த்துவிட்டேன், காலி.) இதோ, உங்கள் அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் போடுகிற சத்தம் கேட்கிறது. அவள் சொன்னதைக் கேட்டு நீங்கள் கிளம்பிவிட்டாலும், இந்தக் கடிதம் கைக்கு வரும்போது இப்போதுதான் தெரிந்துகொண்டது போலப் படியுங்கள், மாப்பிள்ளை. மரியாதை அதுதான் என்று டீச்சரும் சொல்வார்.