வழியனுப்பியும் போகாத விருந்தாளி

"அண்ணா, இவரு விசா போன மாசமே முடிஞ்சிருச்சு. தெரியுமா?"

காய்ச்சலில் படுத்திருந்த மாரெக்கின் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு நர்ஸ் ரோஸ்லின் கேட்டபோது, அர்த்தனாரிக்குக் காய்ச்சல் இல்லாமலே உடம்பு நடுங்கியது.

போலந்துக்காரரான மாரெக், சாமையையும் தினையையும் பற்றி ஆராய, மலைமேல் குண்டனி நாடு என்று அழைக்கப்படும் ஊர்ப்பகுதிக்கு வந்தவர். அர்த்தனாரி வீட்டில் ஒரு வாரம் தங்குவதாகப் பேச்சு. மழைக்காலம் போய், இப்போது மிளகு பழுக்கத் தொடங்கிவிட்டது. இடையில் ஓரிரு தரம் மூட்டை கட்டிக் கிளம்பவும் செய்தார். அன்றைக்கே திரும்பி வந்துவிட்டார். மலை பிடித்துப்போய்விட்டது என்று அர்த்தனாரிக்குப் பெருமைதான்.

"விசா முடிஞ்சா என்னாகுங்க சிஸ்டர்?"

"அவருக்கு அபராதம் போடுவாங்க. திரும்ப இந்த நாட்டுக்கே வரமுடியாம தடைகூடப் போடலாம். ஊட்ல வெச்சிருந்த உங்களையும் விசாரிப்பாங்க."

காய்ச்சல் இறங்கியதும் அர்த்தனாரி மெதுவாகப் பேச்செடுத்தார். "விசா முடிஞ்சிருச்சாமுங்க."

"தெரியுமுங்க," என்றார் மாரெக், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில். பெருமூச்சு விட்டார். "என்ன பண்றது?"

விருந்தாளியிடம் கறாராகப் பேசி அர்த்தனாரிக்குப் பழக்கமில்லை. செம்மேட்டுக்குக் கூட்டிப்போய் நாமக்கல் பஸ்ஸில் ஏற்றி, கும்பிட்டு வழியனுப்பினார். சாயங்காலம் அதே பஸ்ஸில் மாரெக் வந்து இறங்கினார், கையில் அல்வாப் பொட்டலத்தோடு.

"வந்துட்டேனுங்க," என்றார், வீட்டுப்பாடத்தை முடித்துக் காட்டும் பிள்ளையைப்போல.

அடுத்த முறை காளப்பநாயக்கன்பட்டி வரை பைக்கில் கொண்டுபோய் விட்டார். மறுநாள் விடிந்ததும் மரவள்ளி ஏற்ற வந்த லாரியிலிருந்து மாரெக் குதித்தார்.

"ஏனுங்க, பனில நனைஞ்சுக்கிட்டு நின்னாரு. மனுசன இப்படியா தொரத்துவீங்க?" என்று லாரிக்காரர் வேறு சத்தம் போட்டார்.

அந்தச் சத்தத்தில் ஊரே கூடிவிட்டது. இத்தனை தரம் போயும் திரும்பி வருகிறவர் சும்மா வருவாரா, அர்த்தனாரி மகள் யமுனாவுக்காகத்தான் வருகிறார் என்று பேச்சு பரவியது. யமுனாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டிலிருந்து மூன்றாம் நாளே போன் வந்தது.

"வெளிநாட்டு மாப்பிள்ள கெடச்சிருக்காராமே. நாங்க வேற எடம் பாத்துக்கறமுங்க."

மனைவி பொன்னாயி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். "அந்தாள நாளைக்கு ரயில் ஏத்தற. இல்லீனா நான் எங்கப்பன் ஊட்டுக்குப் பஸ் ஏறிருவேன்."

சேலம் போய் டிக்கெட் எடுத்து, மாரெக்கைச் சென்னை ரயிலில் ஜன்னலோரமாக உட்காரவைத்து, வண்டி நகரும்வரை அர்த்தனாரி கையாட்டினார். அதன்பிறகுதான் நிம்மதியாக ஒரு பிரியாணி சாப்பிட்டார். மூன்று பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் ஒரு டாக்சி நின்றது. அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டாராம்.

"வந்துட்டேனுங்க," என்றார் மாரெக். இந்தத் தடவை குரல் கம்மியிருந்தது.

பொன்னாயி பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள். மாரெக்குடையதை அல்ல, தன்னுடையதை.

இனி எது வந்தாலும் வரட்டும் என்று அர்த்தனாரி மறுநாள் மாரெக்கை நாமக்கல்லுக்கு அழைத்துப்போய், வெளிநாட்டுக்காரர் விவகாரம் பார்க்கும் அதிகாரி ஜான்பீட்டர் முன்னால் நிறுத்தினார். அதிகாரி ஆங்கிலத்தில் வெகுநேரம் விசாரித்தார். பதில் சொல்லச் சொல்ல மாரெக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

"அபராதம் கட்டினா அனுமதி கொடுத்து அனுப்பிடலாம்," என்றார் ஜான்பீட்டர்.

"மலைய விட்டுப் பிரிய மனசில்லாம அழுவறாருங்க," என்றார் அர்த்தனாரி.

"நீங்க வேற. ஊருக்குப் போய் அம்மாவைப் பாக்கணும்னு மாசக்கணக்கா தவிச்சுக்கிட்டிருக்காரு."

"அப்புறம் ஏனுங்க போகல?"

ஜான்பீட்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அர்த்தனாரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"எப்படிப் போவாரு? ஒவ்வொரு தடவையும் வண்டி ஏத்திவிட்டுட்டு, 'போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க'ன்னு நீங்கதான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னீங்களாமே?"