வீரய்யா தேர்ந்தெடுத்த ஜி.பி.எஸ்.

மேசைமேல் மூன்று ஜி.பி.எஸ். கருவிகள் கிடந்தன. அவற்றில் எது உருப்படாதது என்று கண்டுபிடிப்பதற்குள் வீரய்யாவுக்கு இரண்டு நாள் போய்விட்டது.

நுவரெலியாவில் ஒரு விடுதியின் குதிரைகளில் விருந்தாளிகளை ஏற்றி, தேயிலை மலைகளைச் சுற்றிக் காட்டுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் போகாத குறுக்குவழி கிடையாது. இப்போது யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாள், சவாரிக்குக் கையடக்க ஜி.பி.எஸ். வேண்டும் என்று கடிதம் போட்டிருந்தாள். விடுதி மேலாளர் சிவபாதம் கொழும்புக் கடையிலிருந்து மூன்றை வரவழைத்தார்.

"குதிரையில போறவர் நீர்தானே. எது நல்லதெண்டு கொண்டு திரிஞ்சு பாத்துச் சொல்லும். வானத்தில சுத்துற செய்மதியைப் பிடிச்சு இது வழி காட்டுமாம்," என்றார் அந்த யாழ்ப்பாணத்துக்காரர்.

வழியை வானம் காட்டினால் வீரய்யா எதற்கு? அடுத்த மாதமே வேலை போய்விடும். அன்றைக்கு அவர் மனதில் ஓடியது அது ஒன்றுதான்.

மஞ்சள் கருவி அவருக்கு ஆகவே ஆகாது. குதிரை எவ்வளவு குலுக்கினாலும், அடர்ந்த யூகலிப்டஸ் மரங்களுக்குள் நுழைந்தாலும், இருக்கும் இடத்தைத் தப்பாமல் காட்டியது. கையுறையோடு அமுக்கினாலும் பொத்தான் வேலை செய்தது. கறுப்பு சுமார். வெள்ளிநிறக் குட்டிக் கருவிதான் அவருக்கு ஏற்றது. மரநிழல் பட்டாலே மயங்கியது. பொத்தான்கள் அரிசிமணி அளவு. பற்றரியை இரண்டு மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தது.

"இதுதாங்க ஐயா நல்லா இருக்கு. குதிரைக்கும் பாரமில்ல."

சிவபாதம் நம்பினார். மற்ற இரண்டும் அன்றைக்கே கொழும்புக்குத் திரும்பிப் போயின.

அம்மாள் வந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. வீரய்யாவுக்கு ஆங்கிலத்தில் 'கம்', 'கோ', 'ஸ்லோ' மூன்றும்தான் தெரியும். முதல் மரக்கூட்டத்திலேயே கருவி கண்ணை மூடியது. அதைப் பைக்குள் போட்டுவிட்டுத் தன் பின்னால் வருவாள் என்று நினைத்தார். அவளோ வந்த வழியே மரமில்லாத வெட்டவெளிக்குத் திரும்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி மூடியது. மறுபடி திரும்பினாள்.

மூன்றாம் தடவை இடுப்பு வலி தாங்காமல் வீரய்யாவே பற்றரியை மாற்றிக் கொடுத்தார். தடித்த விரல் ஒரே நேரத்தில் இரண்டு பொத்தானை அமுக்க, அதுவரை திரையில் நெளிந்துகொண்டிருந்த கோடும் அழிந்துபோனது. அம்மாளின் முகம் வாடியது.

அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உயரத்தில் பிடித்தால் செய்மதி கிடைக்கும் என்று, கருவியை மழைக்காக வைத்திருந்த குடையின் நுனியில் கட்டித் தூக்கினார். குடை படாரென்று விரிந்தது. மிரண்ட குதிரை அவரைத் தண்ணீர் ஓடும் கான் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டு, தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்தது. அதைப் பிடிப்பதற்குள் மழையும் வந்துவிட்டது.

விடுதிக்குத் திரும்பியபோது அம்மாளின் கண் கலங்கியிருந்தது. ஈரச் சட்டையோடு வீரய்யா சிவபாதத்திடம் போய், அந்த மஞ்சள் கருவியையே திரும்ப வரவழைக்க முடியுமா என்று கேட்டார். தான் செய்தது அவர் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது.

"குட்டிதான் நல்லதெண்டு நீர்தானே சொன்னனீர்? அவா நாளைக்குக் காலையிலயே போறா," என்றார் சிவபாதம்.

மறுநாள் காலையில் அம்மாள் வீரய்யாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, ஏதோ நீளமாகச் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். உண்மையை ஒப்புக்கொள்ளத் தமிழில் வார்த்தை இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. அவளை நானுஓயா ஸ்டேசனில் ரயிலேற்றப் போன வான் டிரைவர் செல்லசாமி, ஆங்கிலம் தெரிந்தவன், பத்து மணிக்குத் திரும்பி வந்தான். அம்மாள் கோபமாகப் போனாளா என்று வீரய்யா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கோபமெல்லாம் இல்லண்ணே. அவங்க மலைப்பாதைப் புத்தகம் எழுதுறவங்களாம். உங்களப் பத்திக் கேள்விப்பட்டு, நீங்க போற வழிய அந்த மெசினுல பதிஞ்சு, மேப்புல 'வீரய்யா பாதை'ன்னு போடத்தான் வந்தாங்களாம்."