வயசு பத்தாத பத்திரம்

"எல்லாம் சரி, வயசுதான் பத்தலை" என்றார் வக்கீல்.

தையல்காரருக்குப் புரியவில்லை. "யாருக்கு சார்?"

"பத்திரத்துக்கு. வீட்டை உங்கப்பா உங்களுக்குத்தான் எழுதியிருக்கார். ஆனா அது அப்பா கையெழுத்தே இல்லங்கறார் உங்க அண்ணன். உங்கப்பாவும் இப்ப இல்ல, சாட்சி போட்ட ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு. முப்பது வருஷம் ஆன பத்திரம்னா சாட்சியே வேண்டாம், கோர்ட்டே நிஜம்னு எடுத்துக்கும். உங்களோடது இருபத்தெட்டு."

"இப்ப என்ன பண்றது?"

"இழுக்கணும். கல்யாணம் தள்ளிப்போனா மனுஷனுக்குக் கஷ்டம். வாய்தா தள்ளிப்போனா பத்திரத்துக்கு மதிப்பு."

தையல்காரர் இழுத்தார். ஒரு வாய்தாவுக்கு முதுகுவலி, அடுத்ததற்குக் கண்வலி. பாதி வீடு போதும் என்று சமரசத்துக்கு இறங்கி வந்த மூத்தவரான அண்ணன் எரிச்சலாகி, வழக்கு முடியும்வரை கூரையில் கை வைக்கக் கூடாது என்று தடை வாங்கிவிட்டார். மழை வந்தது. கூடம் ஒழுகியது. தையல்காரர் குடும்பத்தோடு உள் அறைக்கு மாறினார். உள் அறையில் இருந்த அத்தை அடுப்படிக்கு மாறினார்.

அத்தை அப்பாவின் தங்கை. கணவர் இறந்த பிறகு அண்ணன் குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர்.

"ஈரத்துல எப்படிப்பா படுக்கிறது?" என்று அவர் கேட்டதற்கு, "இருக்க இடம் குடுத்திருக்கோம், அதை நினைச்சுக்கோ" என்றார் தையல்காரர்.

ஒழுகல் பத்திரத்தையும் எட்டிவிடுமோ என்று பயந்து, அதை எடுத்துப்போய் லேமினேஷன் போட்டுவந்தார்.

வக்கீல் தலையில் கை வைத்தார். "பழசாகட்டும்னு ரெண்டு வருஷமா நான் இழுக்கறேன். நீங்க புதுசாக்கிட்டு வந்து நிக்கறீங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "போன வாரம் பொறந்த மாதிரி இருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை.

"வயசு மட்டும் போதாது. இருக்க வேண்டிய இடத்துல இருந்து வந்திருக்கணும். இத்தனை வருஷம் இது யார்கிட்ட இருந்தது?"

அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. பத்திரமாக வை என்று அப்பா கொடுத்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுதப் படிக்கத் தெரியாத அத்தைக்கு யாரும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் தையல்காரர் அடுப்படிக்குப் போனார்.

"அத்தை, சாப்பிட்டீங்களா?"

அந்த 'ங்க' முதல் முறையாக வந்தது. வேறு யாரிடமோ பேசுகிறான் என்று அத்தை திரும்பிப் பார்த்தார்.

"கோர்ட்டுக்கு வரணும். அந்தக் காகிதம் உங்க பெட்டியில இருந்துச்சுன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"சத்தியம் பண்ணச் சொல்வாங்களா?"

"சொல்வாங்க. உள்ளதைத்தானே சொல்லப் போறீங்க. ஜெயிச்சதும் உள் ரூமை உங்களுக்கே விட்டுடறேன்."

அத்தை தட்டைத் துடைத்துக் கவிழ்த்தார்.

அத்தை கூண்டில் ஏறியதும் வக்கீல் பத்திரத்தை உரக்கப் படித்தார். 'நான் குடியிருக்கும் என் வீட்டை என் இளைய மகனுக்கு...' அத்தை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"இது உங்க பெட்டியில இருந்ததா?"

"ஆமா. எங்க அண்ணன்தான் வைக்கச் சொன்னார்."

மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். தையல்காரருக்கு இரண்டு வருஷத்து முதுகுவலி அந்த நொடியில் சரியாயிற்று. வக்கீல் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். வெற்றி தெரிந்த வாய் சும்மா இருக்குமா?

"இது உங்க அண்ணன் கையெழுத்துதானே? கோர்ட்டுக்குத் தெளிவாச் சொல்லுங்கம்மா."

அத்தை அந்தப் பளபளப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நீதிபதியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அண்ணன் கையெழுத்துதான் ஐயா. ஆனா அது அவரு வீடு இல்ல, எங்கப்பா என் பேருல பதிஞ்சு குடுத்த வீடு."