இரண்டு பதினாலும் ஒரு கணக்கு டீச்சர் வேலையும்

சாந்தோம், சென்னை
செவ்வாய்க்கிழமை

வாணியம்பாடியில் பள்ளிக்கூடத் தாளாளரும் என் மனைவி அமீனா பீயின் ஒரே தம்பியுமான கலீமுல்லா அவர்களுக்கு, மச்சான் குலாம் ரசூல் சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் என் வலது முழங்கால் நீங்கலாக இங்கே எல்லோரும் சுகம். தங்கள் சுகத்துக்கும் தங்கள் பள்ளிக்கூடத்தின் சுகத்துக்கும் துஆ செய்கிறோம்.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். நான் போனைக் கையில் எடுத்தாலே தங்கள் அக்காவுக்குக் காது நீண்டுவிடுகிறது. விஷயம் இதுதான். என் மகள் மெஹக்குக்குத் தங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை தருவதாகப் போன ரம்ஜானில் சொன்னீர்கள், நான் சிரித்தேன். இப்போது சிரிக்கவில்லை. அந்த வேலையை யாருக்கும் கொடுத்துவிடாமல் வைத்திருக்கவும். ஜூன் மாதம் அவள் வந்துவிடுவாள். அவளுக்கு இது இன்னும் தெரியாது.

அவள் அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பார்ப்பது கணிதத் தத்துவம். கணக்குப் போடுகிற வேலை இல்லை, கணக்கு என்றால் என்ன என்று யோசிக்கிற வேலை. ஒன்பது வருஷமாக ஒரே புத்தகத்தை எழுதுகிறாள். காலையில் பால்கனியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்ப்பாள், டீ ஆறிப்போகும், மத்தியானம் ஒரு வரி எழுதுவாள், சாயங்காலம் அதை அடித்துவிடுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் டியூஷனுக்கு வந்தார்கள். ஒரே வாரத்தில் அத்தனை பேரும் ஸ்கூலில் எழுந்து 'ரெண்டும் ரெண்டும் நாலுன்னு எப்படி மிஸ் தெரியும்?' என்று கேட்டு வகுப்புக்கு வெளியே நின்றார்கள், டியூஷன் நின்றுபோனது. மூன்று என்று ஒரு பொருள் உலகத்தில் எங்கேயும் கிடையாது அப்பா, அது வரிசையில் ஓர் இடம், அவ்வளவுதான் என்கிறாள். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் லேத் முன்னால் நின்று மூன்று அங்குலத் தண்டு கடைந்தவனிடம் பேசுகிற பேச்சா இது? தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது கலீம், எங்கள் நிக்காஹில் அரை டிராயரோடு வந்து நல்லி எலும்பு கேட்டு அழுதவன்தானே நீ, இனி நீ என்றே எழுதுகிறேன்.

அவள் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. இந்த வருஷம் ஒரே ஓர் இடம் நிரந்தரமாகிறது. அதை முடிவுசெய்கிற குழுவுக்குத் தலைவி பேராசிரியர் நீரஜா. அந்த அம்மா மெஹக்கிடம் ஒன்றுதான் கேட்டார்: "குழுவில பாதிப் பேருக்குக் கணக்கே தெரியாது. அவங்களுக்குப் புரியற மாதிரி நாலு வரி சொல்லு, போதும்." மெஹக் எங்களிடம் சொல்லிப் பார்த்தாள். நாலு வரி நாற்பது நிமிஷம் ஓடியது. உன் அக்கா இரண்டு கட்டு முருங்கைக்கீரை ஆய்ந்து முடித்தாள், நான் குறட்டை விட்டேனாம். பெற்றவர்களே இப்படி என்றால் மற்றவர்கள் கதி என்ன? யோசித்து, நானே நீரஜா அம்மாவுக்குப் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். வயிறு நிறைந்த மனுஷருக்கு எதுவும் புரியும் என்பது என் கட்சி. மெஹக் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அம்மா பெருந்தன்மையாக, "வரேன் சார், சாப்பிட்டுக்கிட்டே அந்த நாலு வரியையும் கேட்டுடறேன்" என்றார்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். எங்கள் சந்தில் பதினாலாம் நம்பர் இரண்டு உண்டு. முதலில் கடல் பக்கமிருந்து எண்ணி நம்பர் போட்டிருந்தார்கள், பிறகு யாருக்கு என்ன தோன்றியதோ, பஸ் ரோட்டுப் பக்கமிருந்து எண்ணிப் புது நம்பர் போட்டார்கள். புதுப் பதினாலு நாங்கள். பழைய பதினாலு மீன் விற்கிற தேசம்மா வீடு. நான் போனில் வெறும் பதினாலு என்று சொல்லித் தொலைத்தேன், ஆட்டோக்காரர் பழைய ஆள். பன்னிரண்டரைக்கு வரவேண்டிய அம்மாவைக் காணோம். போனை எடுக்கவும் இல்லை, பைக்குள் கிடந்ததாம். உன் அக்கா பிரியாணிச் சட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இரண்டே முக்காலுக்கு வந்தார், "வஞ்சிரம் வறுவல் பிரமாதம்!" என்று சொல்லிக்கொண்டே. மரியாதைக்கு இரண்டு கரண்டி பிரியாணி சாப்பிட்டார். மெஹக் நாலு வரிக் காகிதத்தை எடுத்தாள். "வேண்டாம் மெஹக், கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு" என்று எழுந்து போய்விட்டார். என் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை கலீம்.

நேரே தேசம்மா வீட்டுக்குப் போனேன்.

"எம் பொண்ணு வேலையே அந்தம்மா கையிலதான் இருக்கு. ஏன் உடனே அனுப்பல?"

"சோத்து நேரத்துல வந்தவங்கள வாசலோட தொரத்துவாங்களா பாய்? இது பதினாலுதானேன்னாங்க. ஆமா, பாய் வூடும் பதினாலுதான்னேன். அது எப்டின்னாங்க. கடலாண்டேர்ந்து எண்ணுனா நானு, பஸ் ரோட்டாண்டேர்ந்து எண்ணுனா அவுங்க. எந்த வூடும் பதினாலா பொறக்கல மேடம், வரிசைல எங்க நிக்கிதோ அதான் நம்பரு. வரிசைய மாத்துனா வூடு அங்கயேதான் கீது, நம்பருதான் எழுந்து போவுதுன்னேன். தட்டுல கைய வெச்சிக்கினு அப்டி சிரிக்கிறாங்க. இத யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க. கொரியர்காரன்னேன்."

மெஹக் என் பின்னாலேயே வந்திருக்கிறாள். ஓடிப்போய் தேசம்மாவைக் கட்டிக்கொண்டு, "அப்பா, ஒன்பது வருஷமா எனக்குச் சொல்ல வராதது இதுதான்!" என்று குதிக்கிறாள். நான் வேறு கணக்குப் போட்டேன். ஒன்பது வருஷம் சுவரைப் பார்த்துக் கண்டுபிடித்ததை ஒருத்தி மீன் பொரித்துக்கொண்டே இரண்டு நிமிஷத்தில் சொன்னால், எந்த நிறுவனம் மெஹக்கை வைத்துக்கொள்ளும்? ஆகவே, ஜூன் மாதம் உறுதி. நீயே கூப்பிடுவது போலக் கூப்பிடு, நான் எழுதியதாக மூச்சு விடாதே.

உன் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுசும், சோற்றில் பரக்கத்தும், உறுதியான முழங்காலும் அல்லாஹ் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
குலாம் ரசூல்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது நீரஜா அம்மா போன் செய்தார். மெஹக்குக்கு நிரந்தரம்! குழுவிடம் இரண்டு பதினாலு கதையைத்தான் சொன்னாராம், எல்லோருக்கும் உடனே புரிந்ததாம். "அதான் தேசம்மாவே சொல்லிட்டாங்களே, எம் பொண்ணு எதுக்கு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "அவங்க சொன்னது ஒரு சந்துக்கு சார். உங்க பொண்ணு எழுதியிருக்கிறது முடிவே இல்லாத சந்துக்கு" என்றார். முப்பத்தெட்டு வருஷமும் நான் தினக்கூலிதான். நிரந்தரம் என்ற வார்த்தையை என் பெயருக்குப் பக்கத்தில் யாரும் எழுதியதில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன் கலீம், சந்தோஷத்தில்தான். மேலே எழுதியது அத்தனையும் ரத்து. நாலு பக்கத்தை நான் கிழிக்க மனசில்லை, நீயே கிழித்துவிடு. ஜூன் மாதம் உனக்கு ஆள் இல்லாமல் போகக் கூடாதே என்று இப்போதுதான் தேசம்மாவைக் கேட்டுவிட்டு வந்தேன். "அந்த ஊர்ல கடல் கீதா பாய்?" என்கிறாள்.