நிலாவிலிருந்து வந்த அடுப்புக்கல்

புதிதாகப் படித்து முடித்தவன் கையில் லென்ஸைக் கொடுக்கவே கூடாது. கண்ணில் படுவதெல்லாம் அவன் படித்ததாகவே தெரியும். எம்.எஸ்ஸி. ஜியாலஜி முடித்த கையோடு எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

நிலாவிலிருந்து சிதறிப் பூமியில் விழுந்த விண்கற்களை, அவற்றின் கனிமத்தையும், அதன் மணிகள் சேர்ந்திருக்கும் இழையமைப்பையும் பார்த்து வகை பிரிக்கும் ஓர் ஆய்வகத்தில், ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சீட்டுக் கெடைச்சாப் படி. இல்லீன்னா மாமனோட ரிக்கு வண்டில ஏறிக்க." போர்வெல் போடும் ரிக் லாரியில் எங்கள் ஊரில் ஏறினால் இறங்குவது வடநாட்டில்தான். வெயில், புழுதி, மாதக்கணக்கில் சப்பாத்தி.

அந்த வாரம் குலதெய்வம் கோயிலில் கிடாவெட்டு. உண்ட மயக்கத்தில் கோயில் காட்டுக்குள் நடந்தபோது, பாதி மண்ணில் புதைந்து ஒரு கல் கிடந்தது. வெள்ளைக் கல், மேலே வழவழவென்று கறுப்புத் தோல். எனக்குப் புல்லரித்துவிட்டது. விண்கல் காற்றில் எரிந்து வரும்போது மேல்பரப்பு உருகி இப்படித்தான் கறுக்கும். லென்ஸில் பார்த்தால் ஃபெல்ட்ஸ்பார் என்ற வெள்ளைக் கனிமம். நிலாவின் மேட்டு நிலம் முழுக்க அதுதான். காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. நிலாக் கல்லிலும் பெரும்பாலும் ஒட்டாது! (எங்கள் வீட்டு வாசற்படியிலும் ஒட்டாது என்பது அப்போது தோன்றவில்லை.) கறுப்பு ஒரு பக்கம் மட்டும் இருந்ததற்கும் காரணம் வைத்திருந்தேன்: மறுபக்கம் மழையில் கரைந்திருக்கும்.

"கல்லு எதுக்கு சாமி?" என்றார் அம்மா.

"சொன்னாப் புரியாதும்மா."

நேர்முகத் தேர்வில் கல்லை மேசைமேல் வைத்து, அது நிலாவில் பட்ட அடி, விண்வெளியில் அலைந்த அலைச்சல் எல்லாவற்றையும் கூடவே வந்தவன்போல விவரித்தேன். பேராசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெட்டிப் பாத்துடலாமே" என்றார்.

இரண்டாக அறுத்து, ஒரு சில்லை ஈரம் போகச் சூட்டுத்தட்டில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஆய்வகமெங்கும் ஒரு வாசனை. ஆட்டுக்கொழுப்பு உருகும் வாசனை. மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த ஒருவர் தலையைத் தூக்கி மணி பார்த்தார்.

"இத எங்க எடுத்தீங்க?" என்றார் பேராசிரியை.

"கோயில் காட்டுலங்க மேடம்."

"அங்க என்ன நடக்கும்?"

"கிடாவெட்டுங்க."

"கறி எதுல சமைப்பீங்க?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆட்கள் அங்கே கிடைக்கும் மூன்று கற்களைக் கூட்டி அண்டாவை ஏற்றுவார்கள். பந்தி முடிந்ததும், தீப்பட்ட பக்கம் கரியும் கொழுப்பும் படிந்த அந்தக் கற்களை உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள். விவரம் தெரிந்த நாளாக அந்த அடுப்புக் கறியைத்தான் தின்று வளர்ந்திருக்கிறேன்.

அவர் வெட்டிய முகத்தை என்னிடம் காட்டினார். "கனிமம் சரிதான். இழையமைப்பப் பாருங்க. நிலாக் கல்லுல அடிபட்டு உடைஞ்ச துண்டுங்க கூர்கூரா ஒட்டிக்கிட்டு இருக்கும். இதுல மணியெல்லாம் அழகாப் பொருந்தி உக்காந்திருக்கு. உள்ள நடுநடுவுல இருக்கற இந்தக் கறுப்பு மணி, ஹார்ன்பிளெண்ட்னு ஒரு கனிமம். அதோட அமைப்புலயே தண்ணி இருக்கு. நிலாவுல யாரு தண்ணி ஊத்தினது? ஆமா, நீங்க எந்த ஊரு?"

"நாமக்கல்லுங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நிலா மண்ணுக்கு மாற்றாக விண்வெளி ஆய்வாளர்கள் சோதனைக்கு எடுத்துப்போகும் வெள்ளைப் பாறை, எங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கம்தான் கிடக்கிறது. வேறு ஊர்க்காரன் ஏமாந்திருந்தால் மன்னித்திருப்பார்.

"குலதெய்வத்துக் கல்லு. எடுத்த எடத்துலயே வெச்சிடுங்க" என்று பெரிய துண்டை என் பையில் போட்டுவிட்டார். சீட்டு இல்லை. அழுகை வந்தது, பேருந்து ஏறும்வரை அடக்கிக்கொண்டேன். மாமன் வண்டியில் ஒரு வருடம் புழுதி தின்றேன். மறுவருடம் அதே ஆய்வகத்துக்கு வெறுங்கையோடு போனேன், சேர்த்துக்கொண்டார்கள். இப்போது நிஜ நிலாக் கற்களை வகை பிரிக்கிறேன். வீட்டில் இதை யாரும் நம்புவதில்லை.

அந்தக் கல் இன்னும் கோயில் காட்டில்தான் இருக்கிறது. ரம்பம் அறுத்த முகம் மட்டமாக இருப்பதால், அதை மேலே வைத்தால் அண்டா துளிகூட ஆடுவதில்லை. ஒவ்வொரு கிடாவெட்டுக்கும் அப்பா அதைத் தேடி எடுத்து வைத்துவிட்டு, வந்திருக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்வார்:

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானுங்க இண்டர்வியூவுக்குப் போனாங்க. கல்லு தேறிருச்சு."