ரிஜக்ட் மேஸ்திரியின் படகில் இரண்டாவது ஆள்

ஆம்பூரில் ஒரு வாடகைக் கொட்டகையில் ஒற்றைத் தையல் மெஷினோடு உட்கார்ந்தவன் நான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே பார்க்கவில்லை. அந்த ஒரு மெஷினை நாற்பது மெஷினாக்கினேன். நான் தைத்த ஷூவின் மேல்பாகத்தைப் போட்டுக்கொண்டு எத்தனையோ வெள்ளைக்காரர்கள் பனியில் நடக்கிறார்கள். யாரும் வாங்கப் பயந்த பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கி மூன்று மாடி வீடு கட்டினேன். லிஃப்ட்டும் வைத்தேன். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து அவர்களையும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தேன். இப்படிப்பட்ட என் முகத்துக்கு நேராக "நீங்க தேறமாட்டீங்க" என்று சொன்ன ஒரே மனிதர் ரிஜக்ட் மேஸ்திரிதான். பூமியில் எந்தப் பொருளையும் முதல் தடவையில் பாஸ் பண்ணாத பிறவி அவர்.

அவருடைய உண்மையான பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தோல் பதனிடும் ஷாப்பில் ஆயுசு முழுக்கத் தரம் பிரித்தவர். ஆட்டுத்தோலைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், உண்ணி கடித்த புள்ளி, கத்தி பட்ட கீறல் எதுவும் தப்பாது. "ரிஜக்ட்டு" என்று ஒரு ஓரமாக வீசிவிடுவார். அவர் ரிட்டயர் ஆனார், கட்டைவிரல் ஆகவில்லை. டீக்கடையில் பன்னைத் தடவிப் பார்த்துத் திருப்பித் தருவார். ஒரு கல்யாணத்தில் வாழையிலையைத் தடவித் தடவி மூன்று இலை மாற்றச் சொன்னதில், சாம்பார் வாளியோடு வந்தவர் அடுத்த பந்திக்கே போய்விட்டார். மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தோளையும் தடவினார் என்று ஊரில் பேச்சு. நான் நம்புகிறேன்.

என் மனைவி போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் லிஃப்ட்டில் ஏறுவதும் நான், இறங்குவதும் நான் என்று ஆகிவிட்டது. சாயங்காலம் நடக்கச் சொன்னார் டாக்டர். பல வருடம் கழித்து மலையடிவாரத்து ஏரி நிரம்பியிருந்தது. கரையில் மேஸ்திரி தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா மேஸ்திரி, மீன் மாட்டுதா?"

"மாட்டுது. தேறல."

அப்போதே ஒரு ஜிலேபி மீன் மாட்டியது. தலையிலிருந்து வால் வரைக்கும் கட்டைவிரலை ஓட்டினார். "வயித்துல கீறல். செகண்டு கிரேடுக்குக் கூட போவாது." தண்ணீரில் வீசினார். அடுத்த மீனைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தார். "இது நேத்து உட்ட ரிஜக்ட்டு. வெக்கமில்லாம திரும்பி வந்துக்குது."

"எல்லாத்தையும் உட்டுட்டா, வூட்டுக்கு இன்னாதான் எடுத்துனு போவீங்க?"

"எடுத்துனு போனா ஆக்கறது யாரு, மொதலாளி?"

அவர் மனைவியும் போய் நாளாகியிருந்தது. மறுநாளும் நான் போனேன். அதற்கு மறுநாளும்.

தேறுகிற சரக்கு நடு ஏரியில்தான் இருக்கிறது என்பது அவர் கணக்கு. அதற்காக ஃபிரிட்ஜ் பெட்டியில் வரும் தெர்மாகோலை மாதக்கணக்கில் பொறுக்கிச் சேர்த்தார், படகு கட்ட. எனக்கும் ஒரு இடம் கிடைக்குமா என்று கேட்டேன். என் தோளில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"நீங்க தேறமாட்டீங்க மொதலாளி. எடை ஜாஸ்தி. வாய் அத்தவிட ஜாஸ்தி."

வீட்டில் எனக்கு நான்கு சோபா இருக்கிறது. ஆனால் அந்த ஒன்றரை அடித் தெர்மாகோலில் உட்காராவிட்டால் உயிரோடு இருந்து புண்ணியமில்லை என்று தோன்றிவிட்டது. எப்படியாவது பங்காளி ஆகவேண்டும்.

"துண்டு துண்டா கயிறு கட்டினா நிக்காது மேஸ்திரி. நம்ம கம்பெனி சொல்யூஷன் போடுவோம். செருப்பு தேஞ்சாலும் ஒட்டு உடாது."

வேறு ஊர்க்காரனாக இருந்தால் கயிற்றோடு நிறுத்தியிருப்பான். ஷூ கம்பெனிக்காரனுக்கு உலகத்தில் எது பிரிந்தாலும் சொல்யூஷன் பசைதான் மருந்து. ஒரு டின் கொண்டுவந்து தாராளமாக ஊற்றினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம். தெர்மாகோல் குழிந்தது, சுருங்கியது, பாகாக உருகிக் கரையில் ஓடியது. இத்தனை மாத உழைப்பு பத்து நிமிடத்தில் ஒரு கைப்பிடி பசையாகிவிட்டது. மேஸ்திரி குனிந்து அதைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா ஒட்டுது" என்றார். "படகுதான் இல்ல."

போய்விட்டார். நான்கு நாள் கரைப் பக்கமே வரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். மீன்கள் துள்ளின. ரிஜக்ட் என்று சொல்ல ஆளில்லை. வீட்டில் பேச்சுத்துணை இல்லாதது பழகிவிட்டது. ஏரியிலும் இல்லை என்றானதுதான் பெரிய பேஜார்.

ஐந்தாம் நாள் கடை கடையாக ஏறி நானே தெர்மாகோல் கேட்டு வாங்கினேன். கம்பெனிக்குப் போய் ரெக்சினை விரித்து வெட்டினேன். பல வருடம் கழித்து மெஷினில் உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் பெண் பதறி ஓடிவந்தாள்.

"நான் தைச்சுத் தர்றேங்க ஐயா."

"நீ தள்ளும்மா. இது அர்ஜென்ட் ஆர்டர்."

இரட்டைத் தையல் போட்டுப் பெரிய பை தைத்தேன். உள்ளே தெர்மாகோலை அடுக்கி, ஓட்டை போட்டு, லேஸ் கோத்து இறுக்கினேன். பார்ப்பதற்கு ஒரு ராட்சசனின் இடதுகால் ஷூ மாதிரி இருந்தது. குட்டியானை வண்டியில் ஏற்றி மேஸ்திரி வீட்டு வாசலில் இறக்கினேன்.

அரைமணி நேரம் தையல் தையலாகத் தடவினார். முதல் ஆர்டரைப் பார்க்க வெள்ளைக்காரன் வந்தபோதுகூட எனக்கு இப்படி வியர்க்கவில்லை.

"நெறம் மட்டம்" என்றார். "முனை கோணல்." நீளமாக ஒரு மூச்சு விட்டார். "தையல் நேரா கீது."

அன்று சாயங்காலம் படகைத் தண்ணீரில் தள்ளினோம். அவர் முன்னால் ஏறி, துடுப்புக்குப் பதிலாக இரண்டு கையிலும் பழைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"குந்துப்பா."

நாற்பது வருடம் மொதலாளி, ஐயா என்றே கேட்டுப் பழகிய காது. என்னை இப்படி உட்காரச் சொல்ல ஒரு ஆள் இருந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்தேன். படகு இறங்கி, தண்ணீர் என் இடுப்புக்கு வந்தது.

"மூழ்குதா மேஸ்திரி?"

"மூழ்கல. ஒனக்கு வணக்கம் வைக்குது."

நடு ஏரியில் கை நீளத்துக்கு ஒரு விரால் மாட்டியது. தலையிலிருந்து வாலுக்கும், வாலிலிருந்து தலைக்கும் விரல் போயிற்று. "பாஸ்" என்றார். என் வீட்டு அடுப்பில் அவரே குழம்பு வைத்தார். ருசி பார்த்து, உப்பு ரிஜக்ட் என்றார். பிறகு சட்டியை வழித்துத் தின்றார்.

தண்ணீர் இருந்த வரைக்கும் தினமும் போனோம். பிறகு அவருக்கு முட்டி வீங்கிவிட்டது. மகள் ஓசூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். எப்போதாவது போன் வரும்.

"இங்கயும் ஒரு ஏரி கீது. பூரா நுரை. மீனு இல்லப்பா, ஏரியே ரிஜக்ட்டு."

"கெளம்பி வந்துடுங்க மேஸ்திரி."

"மக உட மாட்டா." உடனே பேச்சு படகுக்குத் தாவும். "படகை வெயில்ல போடாத. ரெக்சின் வெடிக்கும்."

போன மாதம் ஒரு பத்திரிகையில் எங்கள் ஏரியின் படம் வந்தது, நாங்கள் படகில் போன நாட்களில் யாரோ கரையிலிருந்து எடுத்தது. கையில் செருப்போடு மேஸ்திரி தண்ணீர் தள்ளுகிறார். 'துணைக்கு யாருமின்றி, தனியாக ஏரியை ஆளும் முதியவர்' என்று கீழே போட்டிருந்தார்கள். படகின் பின்பக்கத்தை வெட்டிவிட்டார்கள். படத்தின் ஓரத்தில் நனைந்த வேட்டியோடு ஒரு முழங்கால் தெரிகிறது. அது என்னுடையது.

அந்தப் பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்கிறேன். படகைத் தைத்தது யார் என்று பெயர் போடவேண்டும், அது நியாயம். இடமில்லை என்றால் பெயர்கூட வேண்டாம். 'தனியாக' என்ற சொல்லை மட்டும் எடுத்தாக வேண்டும். அவர் தனியாகப் போகவில்லை. பின்னால் நான் குந்தியிருந்தேன்.